பச்சை வட்டத்துக்குள் இருவர்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனி. அங்கே எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பச்சை வட்டத்தில்தான் ஸ்டோரி போடுவேன். தெருக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள். நான் காலனிக்காரி என்று கல்லூரியில் யாருக்கும் தெரியக்கூடாது, பக்கத்தில் உட்காரும் ரேவதிக்கும்கூட.

ஆடிக் கூழ் ஊற்றிய அன்று, எங்கள் தெரு வரிசையில் சொம்போடு நின்றாள் ரேவதி.

"நீ இன்னாடி இங்க?" என்றேன்.

"எங்க அத்தை வூடு. நீ?"

"என் வூடே இங்கதான் கீது."

தன் போனை நீட்டினாள். அதிலும் பச்சை வட்டம். உள்ளே அவள் காலனி, நாற்று நடும் அவள் அம்மா. எனக்கு ஒருநாளும் காட்டாத படங்கள்.

அங்கேயே ஒருவரையொருவர் பச்சை வட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் ஒருத்தியைக் கண்டுபிடித்தால் மற்றவளும் மாட்டுவாள் என்ற பயத்தில், திங்கட்கிழமை முதல் வகுப்பில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம்.

அவள் ஸ்டோரிக்கு முதல் ஹார்ட் இன்றும் என்னுடையதுதான். அவளோடு பேசித்தான் நாளாகிறது.