பெயர் எழுதாத தொட்டிகள்

பக்கவாதம் வந்து அண்ணனின் பேச்சு போன பிறகு, சுவா சூ காங்கில் அவர் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். துணிமணியோடு அவர் வளர்த்த செடிகளும் வந்தன. எல்லாம் பட்டர்வோர்ட் என்கிற பூச்சி தின்னும் செடிகள். மண்ணோடு ஒட்டி விரிந்த தடித்த இலைகள். தொட்டால் வெண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுக்கும். சின்னக் கொசு வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்துபோகும்.

ஒரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு இல்லை. எது எந்த வகை என்று அவருக்குத் தெரியும். எழுதி வைக்கத் தேவை வந்ததில்லை.

நான் எல்லாவற்றுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் இரண்டு செடிகள் அழுகிக் குழைந்தன. பயந்துபோய், இதே செடிகளை உட்லண்ட்ஸில் வளர்க்கும் ஒரு பெண்மணியை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்து வரவழைத்தேன்.

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஊத்தினா செத்துப்போகும் லா,” என்றார். “சிலது எப்பவும் ஈரமா இருக்கணும். சிலதை கொஞ்ச மாசம் காயவிடணும். எது எதுன்னு பேரு தெரியணும்.”

“பார்த்தா தெரியாதா?”

“இலைய வச்சு சொல்ல முடியாதுங்க. பூக்கட்டும். பூவுக்குப் பின்னால வால் மாதிரி ஒண்ணு நீளும், அதோட போட்டோ எடுத்து அனுப்புங்க. ஆமா, அண்ணனுக்குத் தெரியும்ல? கேட்டுப் பாருங்க.”

அண்ணனிடம் அப்போது மிஞ்சியிருந்தது ஒரே சொல், ‘ஆமா’.

ஒரு தொட்டியில் ஊதாப்பூ வந்ததும் படம் அனுப்பினேன். இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று அந்தப் பெண்மணி இரண்டு லத்தீன் பெயர்களை எழுதியிருந்தார். சொல்லிப் பழகிக்கொண்டு, தொட்டியை அண்ணன் மடியில் வைத்தேன். முதல் பெயரைச் சொன்னேன்.

“ஆமா.”

இரண்டாவதைச் சொன்னேன். “ஆமா.”

“இது மல்லிகையா அண்ணே?”

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. “ஆமா,” என்றார். சொன்ன கணமே தான் சொன்னது தப்பு என்று அவருக்குப் புரிந்தது. நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். பிறகு அழுதார்.

அவர் ஓய்ந்தபின் தொட்டிகளை மேசையில் பரப்பி, “தண்ணி வேணும்கிறத இந்தப் பக்கம் தள்ளுங்க, வேணாங்கிறத அந்தப் பக்கம்,” என்றேன். இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். எனக்கு உயிர் வந்தது. உறுதி செய்துகொள்ள மறுநாளும் கேட்டேன். வேறு மாதிரி பிரித்து வைத்தார்.

அதன்பின் நான் தோராயமாகத்தான் ஊற்றுகிறேன். பாதிக்கு மேல் போய்விட்டன. ஊதாப்பூ பூத்த செடியும் போய்விட்டது. கலப்புச் செடியாகவும் இருந்திருக்கலாம், இனித் தெரிய வழியில்லை என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார்.

பகலில் அண்ணன் மிச்சமிருக்கும் தொட்டிகளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் அறைக்குள் போனால், செடிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், இன்று என்ன கேட்கப்போகிறேனோ என்று.