ஏரிக்கு மேலே வெண்டல் பேசியது

எங்கள் ஊரில் குழாய் அடைத்துக்கொண்டால் வெண்டலைத்தான் கூப்பிடுவார்கள். வருவான், படுத்துக்கொண்டே சரிசெய்வான், "ஆச்சு" என்பான், போய்விடுவான். அதற்கு மேல் அவனிடம் பேச்சு வாங்கியவர் யாரும் கிடையாது. வாயில் கொழுக்கட்டை. நான் நேர் எதிர். சைக்கிள் கடையில் எனக்கு வேலை; டியூப் வாங்க வந்தவனிடம் அவன் மாமியார் சண்டை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

பனி உருகியதிலிருந்து மறுபடி விழும் வரை, ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் மலைக்குச் சைக்கிளில் போவோம். அவன் முன்னால், நான் பின்னால். ஒற்றையடிப் பாதையில் வெண்டல் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். வேரோ பாறையோ, கால் தரையில் படாது. அந்த முதுகைப் பார்த்துத்தான் நான் ஓட்டக் கற்றேன். அந்த முதுகின்மேல் ஆசையும் வந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கோடையில், தூரத்துப் பாய்ஸி நகரத்தில் ஒரு பெரிய சைக்கிள் கடை என்னை மேலாளராகக் கூப்பிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வெண்டலிடம் சொன்னேன். போகாதே என்று ஒரு வார்த்தை வந்தால் இருந்துவிடுவேன். போகட்டுமா என்று நானே கேட்டிருக்கலாம்தான். ஊரெல்லாம் பேசுகிற எனக்கு அது மட்டும் வரவில்லை. வீம்பு.

"நல்ல வேலை," என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. மேல் ஏரிக்குப் போனோம். பாதை பாறை விளிம்பில் போகும். கீழே பச்சைத் தண்ணீர், கரையில் இன்னும் பனி. எதிரே, மலையில் தங்குகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஹோப்ஸன் குதிரையில் வந்தான். பின்னால் கூடாரச் சாமான் சுமந்த கோவேறு கழுதைகள், வரிசையாகக் கயிற்றில் கட்டப்பட்டு வந்தன.

விலங்கு வந்தால் நாங்கள்தான் இறங்கி, பாதைக்குக் கீழ்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். விடாமல் பேசவும் வேண்டும். தலைக்கவசம் போட்ட உருவம் மனிதன்தான் என்று குரல் கேட்டால்தான் கழுதை நம்பும். எப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுவேன். அன்று கோபத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஹோப்ஸன் வெண்டலைத் தாண்டி என் பக்கத்தில் வந்துவிட்டான். முதல் கழுதை வெண்டலைப் பார்த்துக் காதை நிமிர்த்திப் பின்வாங்கியது. கயிறு விறைத்தது.

"வெண்டல், வாய்க்கு என்ன பூட்டா? பேசுடா, இல்லன்னா எல்லாரும் ஏரியில போயிருவோம்," என்று கத்தினான் ஹோப்ஸன்.

"வணக்கம்மா," என்றான் வெண்டல், கழுதையிடம். "நான் வெண்டல். குழாய் வேலை பாக்கறேன்."

காது இறங்கியது. கழுதை நடந்தது.

"நிறுத்தாத. இன்னும் வருது."

"வெயில் நல்லாருக்கு." அடுத்த கழுதை. அவனிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. "அங்க நிக்கறாளே, அவ பேரு கோரா. பாய்ஸிக்குப் போறா. நல்ல வேலைதான். போகாதேன்னு சொல்ல நான் யாரு? ஆனா எனக்குப் பிடிக்கல. துளிகூடப் பிடிக்கல. வீட்டுக் குளியலறையில ரெண்டு வாஷ்பேசின் மாட்டி வச்சிருக்கேன். ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு, சொல்லு?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன பாக்கற?" என்றான் ஹோப்ஸன் என்னிடம். "கழுதை உன்கிட்ட வந்தாச்சு. பேசு."

"இந்தா," என்றேன் அதனிடம், வெண்டலுக்குக் கேட்கிற மாதிரி. "நான் எங்கயும் போகல. சன்னல் பக்கத்து பேசின் எனக்கு."

கடைசிக் கழுதையும் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. இனி பேச வேண்டிய அவசியம் இல்லை. வெண்டல் நிறுத்தவில்லை.