ஏழு மடிப்பு வலை

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பகமீலே முக்காலியின் மேல் ஏறி நிற்கிறாள். கையில் தேநீர்க் கோப்பை. கீழே, எங்கள் முன்னறையில், உப்புநீர் நிரம்பிய பவளத் தொட்டி. மற்றவர்கள் அதைக் கண்ணாடிப் பக்கமாகப் பார்ப்பார்கள். என் தங்கை மேலிருந்துதான் பார்ப்பாள்.

பதினோரு வருடமாக டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கண்ணாடித் தரை போட்ட கூண்டில் உட்கார்ந்து, காலடியில் கப்பலையும் கடலையும் பார்த்துப் பார்த்து, தெருவில் நடக்கும்போதும் அவள் கழுத்து குனிந்தே இருக்கும். லாமண்ட்வில்லில் எங்கள் தெருவிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் பெண் அவள். இதை நான்தான் எல்லோரிடமும் சொல்வேன். அவள் சொல்லமாட்டாள்.

வீட்டில் பேச்சும் குறைவு. கிரேனுக்குக் கீழே நிற்கும் ஆள் கையால் காட்டுவதைப் பார்த்து வேலை பழகியவள். இப்போது ரேடியோ வந்துவிட்டாலும் கை மறக்கவில்லை. நான் மக்காச்சோளப் புத்துக் களியின் மேல் புளித்த பால் ஊற்றும்போது உள்ளங்கையைக் காட்டினால், போதும் என்று பொருள். என் தையல் மெஷின் சத்தம் ஏறினால், ஒரு விரலைச் சுழற்றி, மற்றக் கையை அதன்மேல் குடை மாதிரி அசையாமல் பிடிப்பாள். மெதுவாக.

தொட்டியின் நடுவில் இருக்கும் ஊதாப் பவளம், ஒன்பது வருடத்துக்கு முன் கூட வேலை செய்தவர் கொடுத்த நகமளவு துணுக்கு. இப்போது சோற்றுத்தட்டு அகலம். போன வருடம் அதன் அடிப்பக்கம் பழுப்பாகத் தொடங்கியது. மேலே தொங்கிய ட்யூப் லைட்டுகள் மங்கிவிட்டன. பகமீலே மூன்று மாதம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அதுக்கு வெளிச்சந்தான் சோறு அக்கா. அரை வயித்துக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம்."

புது எல்.இ.டி. விளக்கை அவளே சங்கிலியில் தொங்கவிட்டாள். ரசமட்டம் வைத்து, நாலு மூலையும் சமமாக, கப்பலில் பெட்டி இறக்குவதைப் போல. ஆனால் மங்கலில் பழகிய பவளத்தின் மேல் இத்தனை வெளிச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் எலும்பாக வெளுத்துச் செத்துப்போகுமாம். நான் கல்யாண முக்காடு தைக்கிறவள். என்னிடம் வலைத்துணி கேட்டு வாங்கி, ஐந்து மடிப்பாகத் தொட்டியின் மேல் விரித்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பு எடுக்க வேண்டும். தேதிகளை நான் சபை காலண்டரில் சிவப்பில் குறித்தேன்.

அந்த நாட்களில் முன்னறை வேறு மாதிரி ஆகிவிட்டது. வலையின் கீழிருந்து வந்த நீலம் சுவரிலும் என் மடியிலும் அசைந்தபடியே இருக்கும். வெள்ளைத் துணியில் ஊசி இறங்குவது தண்ணீருக்குள் இறங்குவதாகத் தோன்றும். எத்தனையோ தடவை தையலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மடிப்பு மிச்சமிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, ஜெபக் கூட்டத்துப் பெண்கள் சிவப்பு ரவிக்கையும் வெள்ளைத் தொப்பியுமாகத் தேநீருக்கு வந்தார்கள். பகமீலே வேலையில் இருந்தாள். அவர்களில் ஒருத்தி, மாங்குபானே, தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொசுவலைக்குள்ள எந்தக் கல்யாணப் பொண்ண ஒளிச்சு வெச்சிருக்கா உன் தங்கச்சி?"

எனக்குப் பொறுக்கவில்லை. வலை மொத்தத்தையும் எடுத்தேன். விளக்கின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். பவளம் பற்றிக்கொண்டதைப் போல ஒளிர்ந்தது. மாங்குபானே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரு பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மணிநேரம் அப்படியே விட்டுவிட்டேன். அவர்கள் போனதும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்.

சனிக்கிழமை காலை பவளத்தின் நுனிகள் வெளுத்திருந்தன. பகமீலே முக்காலியிலிருந்து இறங்கவே இல்லை. தேநீர் ஆறிப்போனது. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"நீ எடுத்தது தெரியும் அக்கா. நான் மடிச்சா இவ்வளவு நேரா வராது."

செத்துப்போகுமா என்று கேட்டேன்.

"தெரியல. ஏழு மடிப்பு தைச்சுக் குடு."

தைத்துக் கொடுத்தேன். பழைய தேதிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆறாவது வாரம், ஒரு நுனியில் கடுகளவு ஊதா தெரிந்தது. அவள் என்னைக் கூப்பிட்டு, முக்காலியில் ஏறச் சொல்லிக் காட்டினாள். பிறகு ஒவ்வொரு நுனியாக நிறம் திரும்பியது. மடிப்பு எடுக்கும் ஞாயிறுகளில் நான் தொட்டிப் பக்கமே போகமாட்டேன்; மடிப்பை அவள்தான் எடுப்பாள்.

போன ஞாயிறு கடைசி மடிப்பு. ஆராதனை முடிந்து வந்த பகமீலே உடுப்பைக்கூட மாற்றாமல் முக்காலியில் ஏறினாள். வலையைத் தொடவில்லை. வா என்று என்னைத் தலையசைத்துக் கூப்பிட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய், வலையின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். அண்ணாந்து பார்த்தேன். மேலே அவள் ஒரு விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மற்றக் கை அதன்மேல் குடை மாதிரி, அசையாமல் நின்றது.