மேட்டுப் பங்களாவில் காணாமல் போன நாலு பழம்

எங்க மதினி உலகம்மை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை இந்தக் குத்தாலம், தென்காசி வட்டாரத்துல நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. என் அண்ணன் பொண்டாட்டிதான். அதுக்காக உள்ளதைச் சொல்லாம இருக்க முடியுமா? கேட்டுப் பக்கம் ஒரு ஜீப் வந்தா போதும், விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டு குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால போயி உக்காந்துக்கிடுவா. "ஏன் மதினி, உன்னையவா பிடிக்க வாராவ?"ன்னு கேலி பண்ணுவேன். சிரிக்க மாட்டா. ஜீப் போன பிறகுதான் எந்திரிப்பா.

நாங்க ரெண்டு பேரும் வேலை பார்த்தது மேட்டுப் பங்களா தோட்டத்துல. அது அப்பம் ஒரு ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தம். சாரல் விழுத சீசனுக்கு மட்டும் வருவாவ. மத்த நாள் பூரா கணக்கப்பிள்ளை ராஜ்யம். மங்குஸ்தான் மரம் வரிசையா நிக்கும். கீழ விழுந்த பழத்தைக்கூட நாங்க தொடக் கூடாது. அந்தத் தோல்சாறு பட்டா கையில செங்காவியாட்டம் கறை பிடிச்சுக்கிடும், எப்படித் தேய்ச்சாலும் நாலு நாளைக்குப் போகாது. அதனால சாயங்காலம் ஒவ்வொருத்தரும் கேட்டுல நின்னு ரெண்டு கையையும் கணக்கப்பிள்ளை முன்னால விரிச்சுக் காட்டிட்டுத்தான் வெளிய போகணும். மனுசங்களா மாடா நாங்க? இப்பம் நினைச்சாலும் வயிறு எரியுது.

அம்பத்தொண்ணு சீசன்ல ஒரு நாள், ஜமீன் வீட்டுக்குன்னு எண்ணி விட்டு வச்சிருந்த பழத்துல நாலைக் காணோம். அன்னைக்கு மரத்தடியில அழுகினதை எல்லாம் கூட்டி அள்ளினது தங்கசாமி அண்ணாச்சி. வேலை அப்படி, கை கறையாத்தானே இருக்கும்? எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு, கணக்கப்பிள்ளை காதுலயே வாங்கல. எல்லார் முன்னாலயும் அவரை முட்டி போட வச்சான். பொண்டாட்டி சங்கரம்மாளோட அன்னைக்கே குடிசையைக் காலி பண்ண வச்சான். கீழப்பாவூர்ப் பக்கம் போயிட்டாவன்னு பிறகு கேள்விப்பட்டோம்.

மதினிக்கு அந்தப் பயம் பிடிச்சது அதுக்குப் பிறகுதான். நமக்கும் இந்தக் கதி வந்துருமோன்னு பயப்படுதாக்கும்னு நான் விட்டுட்டேன்.

கொஞ்ச வருசத்துல ஜமீன் ஒழிஞ்சுது. வருமானம் நின்னதும் தோட்டத்தை வித்துட்டாவ, சர்க்கார் வாங்கிருச்சு. அம்பத்தெட்டுல சங்கிலி பிடிச்சு அளக்க வந்தாவ. மதினிக்கு மூணு நாள் காய்ச்சல். மதிலை இடிச்சாவ, அவளுக்குச் சோறு இறங்கல. ஊஞ்சல் வந்துது, சிமிட்டி பெஞ்சு வந்துது, பங்களா விருந்தினர் விடுதியாச்சு. கணக்கப்பிள்ளை போன இடம் தெரியல. பூங்கான்னு போர்டு மாட்டிக் கேட்டைத் திறந்த அன்னைக்கு ஊரே சிரிச்சுக்கிட்டு உள்ள வருது, இவ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, "இனிமே யாரு வேணாலும் உள்ள வரலாம்லா வள்ளி?"ன்னு கேக்குதா. முழிச்ச முழி இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அறுவத்துமூணு ஆடி மாசம். எங்க ரெண்டு பேர் வேலையையும் நிரந்தரமாக்குத ஆர்டர் அந்த வாரம் வரணும். ஒரு புகார் வந்தாலும் ஆர்டர் கிடையாதுன்னு பூங்கா சூப்ரண்டு கண்டிசனாச் சொல்லியிருந்தாரு. அன்னைக்குக் காலையில மதினி ஓடி வந்தா. விடுதிக் குளியல் ரூமுக்குள்ள என்னைத் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டா. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"தங்கசாமி அண்ணாச்சி வந்திருக்காவ. சங்கரம்மா அக்காவும். டிக்கெட் எடுத்துக்கிட்டு நிக்காவ. என்னையத்தான் கேக்காவ."

"கேக்கட்டுமே. உனக்கென்ன?"

"அந்த நாலு பழத்தையும் எடுத்தது நாந்தான் வள்ளி."

அம்பத்தொண்ணுல அவ மகன் செல்லப்பாவுக்கு ரத்தபேதி. மங்குஸ்தான் தோலை வேக வச்சுக் குடுத்தா நிக்கும்னு யாரோ சொல்லியிருக்காவ. கறை தெரியக் கூடாதுன்னு முந்தின நாளே மருதாணி அரைச்சு ரெண்டு கையிலயும் அப்பியிருக்கா. அந்த மருதாணி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பிள்ளை அங்கன சாகக் கெடக்கு, உனக்கு மினுக்கு கேக்குதோன்னு அவளை ஏசினவளே நாந்தானே.

இப்பம் பயம் என்னையும் பிடிச்சுக்கிட்டுது. நானோ புருசன் இல்லாதவ, வீட்டுல மூணு வயித்துக்கு நான் ஒருத்திதான் சம்பாத்தியம். "வாயைத் திறந்துராத மதினி, ரெண்டு பேர் வேலையும் போயிரும்"னேன். அதுக்குள்ள கதவைத் தட்டுதாரு சூப்ரண்டு. "உலகம்மை! உன்னைப் பார்க்க ஆளு வந்திருக்கு."

வெளிய வந்தோம். அண்ணாச்சி பாதி ஆளா வத்திப் போயிருந்தாரு. சூப்ரண்டும் நகராம அங்கனயே நின்னாரு.

"உலகம்மை, அந்தக் காலத்து ஆளுல நீங்க ரெண்டு பேருதான் இருக்கீயன்னு சொன்னாவ," அப்படின்னு ஆரம்பிச்சாரு அண்ணாச்சி. "இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு தாயி. நான் பழத்தை எடுக்கல. பன்னெண்டு வருசமாச் சொல்லுதேன், நம்ப மாட்டேங்கா. சோறு போடும்போதெல்லாம் திருடித் தின்ன வாய்னு ஏசுதா. பிள்ளைகளும் அதையே படிச்சுக்கிட்டுதுக."

சங்கரம்மா அக்கா மதினியை முறைச்சா. "அவரு எடுக்கலைன்னா பிறகு யாரு எடுத்தா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

மதினி வாயைத் திறக்கப் போனா. நான் முந்திக்கிட்டேன். "இவளுக்கு என்னக்கா தெரியும்? அன்னைக்கு இவ வேலைக்கே வரல"ன்னு கூசாமப் பொய் சொன்னேன். அவ கையையும் இறுக்கிப் பிடிச்சேன். சில்லிட்டுப் போயி நடுங்குது அந்தக் கை. அந்த நடுக்கத்தோடயே என் பிடியை உதறிட்டா.

"நாந்தான் எடுத்தேன் அண்ணாச்சி. பிள்ளைக்கு ரத்தபேதி. நாந்தான்."

சூப்ரண்டு, "எந்தப் பழம்? எப்பம்?"ன்னாரு. ஜமீன் காலத்துலன்னு திக்கித் திணறிச் சொன்னேன். "அதை ஏம்மா இப்பம் எங்கிட்டச் சொல்லுதீய?"ன்னுட்டு டிக்கெட் மேசைக்குப் போயிட்டாரு. அட பாவமே, இதுக்கா இவ இத்தனை வருசம் செத்துச் செத்துப் பிழைச்சா!

சங்கரம்மா அக்கா அறைஞ்சிருவாளோன்னு நான் குறுக்க போயி நின்னேன். அவ எங்களைப் பார்க்கவே இல்ல. புருசன் முகத்தையே பார்க்குதா. அப்படியே புல்லுல உக்காந்துட்டா.

"பிள்ளை பிழைச்சானா?"ன்னு கேட்டாரு அண்ணாச்சி.

"பிழைச்சான் அண்ணாச்சி. எட்டாப்பு படிக்கான்."

அவருக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே பறிச்சுத் தந்திருப்பனே, உலகம்மை. ஒரு பிள்ளை உசுருக்காகத்தான் இந்தப் பேரு வாங்கினோம்னு தெரிஞ்சிருந்தா, இத்தனை வருசமும் நான் நிம்மதியாச் சோறு தின்னுருப்பேன்."