பிரேக் இல்லாத காரும் பேண்டேஜ் வேனும்

ராஜபாளையத்துக்குள் நுழையும்போது பிரேக் பெடல் என் காலோடு தரைக்கே போய்விடுகிறது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய காரை நிறுத்துகிறேன். பின்சீட்டில் என் மகள் செல்வி, நிறைமாதக் கர்ப்பிணி. தென்காசியிலுள்ள அவள் மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போகிறேன்.

மெக்கானிக் காதர் பானெட்டைத் திறந்து பார்க்கிறார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் முழுக்க ஒழுகிவிட்டது. மாற்ற வேண்டிய ரப்பர் மதுரையிலிருந்து நாளைக்குத்தான் வருமாம்.

“பக்கந்தானே, மெதுவா உருட்டிக்கிட்டே போயிருதேன்” என்கிறேன்.

காதர் கார்ச்சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். “புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டா? விடமாட்டேன் அண்ணாச்சி. செத்த நேரம் இருங்க.”

ரோட்டில் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பேண்டேஜ் துணி ஏற்றிப்போகும் ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்துகிறார். டிரைவர் அவருக்குத் தெரிந்தவர். இருவருமாக மூட்டைகளை நகர்த்தி எங்களுக்கு இடம் செய்கிறார்கள். செல்வி துணிமூட்டையில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொள்கிறாள். வேன் கிளம்புகிறது. என் பயம் மெல்ல இறங்குகிறது.

“அப்பா,” என்கிறாள் கண்ணை மூடியபடியே. “பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போறப்பவும் இந்த வேனையே பேசிருங்க.”