மொம்பாசாவில் ஒற்றைச் செருப்பு

பிள்ளைகளே, சிட்னிக்குத் திரும்பும் எங்கள் கப்பல் ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில், பழைய துறையிலிருந்து ஓர் அரபுப் பாய்க்கப்பல் புறப்பட ஆயத்தமாகிறது. அதன் கப்டன் சலீம் கரையில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறார். மற்றதை இந்த ஊரில் வளரும் அவருடைய சின்ன மகள் ஒளித்துவிட்டாளாம்.

“எஞ்சின் பூட்டினால் அடிக்கடி வரலாமே?” என்று கேட்கிறேன். எங்கட பேச்சில் சொன்னால், அவர் பதில் இது:

“எஞ்சின் இருந்திருந்தால் என்ரை பாட்டன்மார் இஞ்சை மாதக்கணக்காய் நிண்டிருப்பினமே? காத்து திரும்புமட்டும் இருந்தவை, கலியாணமும் கட்டினவை. இந்த ஊரே அப்பிடி வளந்ததுதான், அண்ணை.”

தென்காற்று தொடங்கிவிட்டது, அதைப் பிடித்து இன்றே வடக்கே அரபு நாட்டுக்குப் போகவேண்டும். இனி மாதங்கள் கழித்து, வடக்கிலிருந்து வீசும் அடுத்த வாடைக்காற்றோடுதான் வருவார். பக்கத்தில் நிற்கும் மகள் அழவில்லை, முறைக்கிறாள்.

சலீம் மற்றச் செருப்பையும் கழற்றி அவளிடம் கொடுக்கிறார்.

“இதையும் ஒளிச்சு வை. வந்து தேடுவன்.”

வெறுங்காலோடு ஏணியில் ஏறுகிறார்.