முன்னாள் மாமனார்

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவள் மருமகள் மட்டும்தான். மனைவி இறந்த பிறகு, மாலையில் இருவரும் சமையலறையில் காய் நறுக்கியபடி மருமகளின் ஆபீஸ் வம்புகளை அலசுவார்கள். மகன் அறைக்குள் கம்ப்யூட்டரே கதியென்று கிடப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அப்பா, நாங்க பிரிஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"ஏன்டா, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மாமா. ஒத்துவரல, அவ்வளவுதான்," என்றாள் அவள்.

அவர் காலத்தில் இப்படியென்றால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். அவருடைய தங்கையை அப்படித்தான் சமாதானம் சொல்லிப் புருஷனோடு திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. சேர்ந்திருங்கள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

மருமகள் பெட்டியோடு கிளம்பினாள். மகன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். மூன்று அறைகளில் அவர் ஒண்டியாக நடமாடினார். அவளுக்கு போன் போட எடுப்பார்; என்ன உறவு சொல்லிப் பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவார். "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்கப்பா" என்று மகன் வேறு சொல்லியிருந்தான்.

அடுத்த வருஷம் ஒரு புதுக் குடியிருப்பில் பழுது பார்க்கப் போனார். நான்காம் மாடியில், "மாமா!" என்று குரல் கேட்டது. அவள்தான். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒருவன்.

"இவங்க வந்து..." என்று அவனிடம் தொடங்கியவள் தடுமாறினாள்.

"லிஃப்ட் மெக்கானிக்," என்று அவரே முடித்துவைத்தார்.

சற்று நேரத்தில் அவள் மட்டும் டீயோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் சட்டுனு வார்த்தை வரல."

"எனக்கும் வரலம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா," என்றார். சாப்பாட்டு டப்பா பையில் திறக்காமலே கிடந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம், அந்தக் கட்டடத்தை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

"ஏண்ணே, அங்க ஏதாவது தகராறா?"

"அதெல்லாம் இல்லப்பா. என் பொண்ணு அங்கதான் குடியிருக்கு."

"நல்லதாப் போச்சு! வேலைக்குப் போற சாக்குல ஒரு எட்டு பாத்துட்டு வரலாமே?"

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.